ஸ்லர் எங்கே முடிகிறது?

பியானோ வகுப்பில் நான்காவது பார், அதாவது நான்காவது தாளக் கட்டம், முடிந்ததும் வலது கையை லேசாகத் தூக்கினேன். மிஸ் நிறுத்தச் சொன்னார். "ஏம்ப்பா, அங்க எதுக்குக் கையை எடுத்த?" என்று கேட்டார். "ஸ்லர் அங்க முடியுது மிஸ்" என்றேன். நோட்டுகளை, அதாவது சுரங்களை, ஒன்றாகச் சேர்த்துக் காட்ட அவற்றின்மேல் போடுகிற வளைந்த கோடுதான் ஸ்லர். அவர் எழுந்து வந்து என் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் அலமாரியிலிருந்து முதுகுத் துணி கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்திலேயே விரித்து வைத்தார். அதே ஷோபான், அதே ஓபஸ் 28, அதே நான்காவது ப்ரெலூட்: அந்தப் போலந்து இசையமைப்பாளர் எழுதிய சின்னப் பியானோத் துண்டுகளில் ஒன்று. நோட்டுகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் என் புத்தகத்தில் நான்காவது பாரோடு ஒரு வளைவு முடிந்து ஐந்தாவது பாரில் இன்னொன்று தொடங்கியது. அவருடைய புத்தகத்தில் ஒரே வளைவு நிற்காமல் ஓடியது. "இதுல எது மிஸ் ஷோபான் போட்டது?" என்று கேட்டேன். சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெரியலப்பா. நான் படிச்ச காலத்துல இதை யாரும் கேட்டதே இல்ல" என்றார்.

அந்தக் கேள்வி அதோடு போயிருக்கலாம். ஈ மைனர் ப்ரெலூட் மொத்தமே இருபத்தைந்து பார்தான். பியானோ கற்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் அதைக் கடந்து போகிறோம். ஆனால் அந்த ஒரு இடம் என்னை விடவில்லை. மெலடி முதல் மூன்று பாரிலும் பி என்ற சுரத்தில் நின்று, சி-யைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. நான்காவது பாரில் மேலே போகாமல் பி-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு அரைப்படி இறங்குகிறது. ஐந்தாவது பார் தொடங்கும்போது ஏ. இடது கை சேர்த்து அழுத்துகிற சுரக் கூட்டங்களான கார்டுகளும் இதற்குள் ஒவ்வொரு விரலாக அரைப்படி அரைப்படியாகச் சரிந்துகொண்டே வருகின்றன. அந்த பி ஃப்ளாட்டுக்கும் ஏ-வுக்கும் நடுவே கையைத் தூக்கினால், நான்கு பார் பேசி முடித்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அதையே கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வதுபோல் கேட்கிறது. தூக்காமல் போனால், பிடி நழுவி அடுத்த படியில் விழுவதுபோல் கேட்கிறது. முதலாவதில் துக்கத்தைச் சொல்கிறார். இரண்டாவதில் துக்கம் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு மயிரிழைக் கோடு தீர்மானிக்கிறது, அந்தக் கோடோ புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது என்றால், நான் இத்தனை நாள் யாருடைய பேச்சைக் கேட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு 'செம்பொன்பதின்றொடி' நினைவிருக்கும். செம்பொன் பதின் தொடியா, செம்பு ஒன்பதின் தொடியா? எழுத்து ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லும்போது எங்கே இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் தொடியின் எண்ணிக்கையும் மாறுகிறது, அது தங்கமா செம்பா என்பதும் மாறுகிறது. ஷோபானிடமே படித்த கரோல் மிக்குலி 1880-ஐ ஒட்டி வெளியிட்ட தன் பதிப்பின் முன்னுரையில் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். தப்பான இடத்தில் ஃப்ரேஸை, அதாவது இசை வாக்கியத்தை, பிரித்து வாசிக்கும் மாணவர்கள், தெரியாத மொழியில் ஒரு சொற்பொழிவை மனப்பாடம் செய்துவிட்டு, சொல்லுக்கு நடுவிலேயே நிறுத்தி நிறுத்தி ஒப்பிக்கிறவர்களைப் போல ஷோபானுக்குத் தோன்றினார்களாம். அதைப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லின் நடுவில் நிறுத்துகிறேனா, சொல் முடிந்த இடத்தில் நிறுத்துகிறேனா?

பேனாவும் உளியும்

மூலத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்தேன். ப்ரெலூட்களின் கையெழுத்துப் படி வார்சாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது; இப்போது வீட்டில் உட்கார்ந்தே அதன் படங்களைப் பார்க்கலாம். ஆனால் மூலம் என்பது இங்கே ஒற்றைப் பொருளில்லை. 1839 ஜனவரி 22 அன்று மயோர்க்கா தீவின் வால்டெமோசாவிலிருந்து ஷோபான் பாரிஸில் இருந்த நண்பர் யூலியன் ஃபொன்டானாவுக்கு ப்ரெலூட்களை அனுப்புகிறார். நீயும் வோல்ஃபும் சேர்ந்து ஒரு நகல் எடுங்கள், நகலை ப்ரோப்ஸ்டிடம் கொடு, கையெழுத்துப் படியை ப்ளேயெலிடம் கொடு என்று எழுதுகிறார். ப்ரோப்ஸ்ட், லைப்சிக் நகரின் பிரைட்கோப்ஃப் இசைப் பதிப்பு நிறுவனத்தின் ஆள்; ப்ளேயெல், பாரிஸின் பியானோ தயாரிப்பாளர். ஆக, பாரிஸ் பதிப்பு ஷோபானின் கையைப் பார்த்து அச்சானது, லைப்சிக் பதிப்பு ஃபொன்டானாவின் கையைப் பார்த்து அச்சானது. காப்புரிமைக்காக பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து மூன்றிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியிடுவது அவருடைய வழக்கம். ஒரே படைப்பு பிறக்கும்போதே மூன்று முகத்தோடு பிறக்கிறது.

நோட்டை நகலெடுக்கிறவர் அதிகம் தப்பு செய்யமாட்டார். நோட்டு ஒரு கோட்டின் மேலே இருக்கும், இல்லை இடைவெளியில் இருக்கும். நடுவில் வேறு நிலை கிடையாது. ஸ்லர் அப்படியில்லை. அது நோட்டுக்குச் சற்று முன்னால் தொடங்கலாம், சற்றுத் தள்ளித் தொடங்கலாம், இரண்டு நோட்டுக்கு நடுவில் அந்தரத்தில் முடியலாம். ஷோபானின் கையெழுத்தில் இவை எல்லாமே உண்டு. வரி முடிகிற இடம் இன்னும் மோசம். ஸ்லர் கடைசி நோட்டைத் தாண்டி, பார்கோட்டையும் தாண்டி ஓரத்து வெற்றிடத்தில் போய் நிற்கும். அடுத்த வரியில் தொடரும் என்று அதற்குப் பொருள். ஆனால் அடுத்த வரிக்குப் போனால் முதல் நோட்டிலிருந்து புத்தம் புதிதாக ஒரு ஸ்லர் தொடங்கியிருக்கும். முந்தைய வரி 'இன்னும் முடியவில்லை' என்கிறது, இந்த வரி 'இப்போதுதான் தொடங்குகிறேன்' என்கிறது. அச்சிடுகிறவர் இரண்டில் ஒன்றை நம்பியாக வேண்டும்.

அச்சிடுகிறவர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் இசை அச்சு என்றால் மென்மையான உலோகத் தகட்டில் கையால் செதுக்குவது. நோட்டின் தலைக்கு ஒரு முத்திரை, கிளெஃபுக்கு ஒரு முத்திரை, ஷார்ப்புக்கு ஒன்று என்று வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். ஸ்லருக்கு முத்திரை கிடையாது. ஒவ்வொரு ஸ்லரும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வளைவு. அதனால் உளியால் கையாலேயே கீற வேண்டும். அதுவும் கண்ணாடிப் பிம்பம் போலத் தலைகீழாக, வலமிருந்து இடமாக. ஷோபானின் கை இடமிருந்து வலமாக ஒரு மூச்சில் இழுத்த கோட்டை, வேறொருவர் எதிர்த் திசையில் மெதுவாக உலோகத்தில் கீறுகிறார். கீழே சத்த அளவைச் சொல்லும் ஒரு டைனமிக்ஸ் எழுத்து இடித்தால் கொஞ்சம் தள்ளிக் கீறுவார். நாம் பதிப்பில் பார்க்கிற அந்த அழகான வளைவு, முடிவு எடுத்தாக வேண்டிய ஒரு கைத்தொழிலாளியின் தீர்ப்பு. பெரும்பாலும் நல்ல தீர்ப்புதான். ஆனால் அவருடைய தீர்ப்பு.

நானே எழுதிப் பார்த்தேன்

இத்தனையும் படித்த பிறகும் ஓர் எரிச்சல் இருந்தது. இவ்வளவு கவனமான மனிதர், ஒரு பாரைப் பலமுறை அடித்து எழுதியவர், அடித்ததை யாரும் படிக்கக்கூடாது என்று நெருக்கமாகக் கோடு போட்டு மறைத்தவர், ஸ்லரை மட்டும் ஏன் இப்படி விட்டார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே அந்த ப்ரெலூட்டை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ஐந்து கோட்டு ஸ்டேவ் போட்ட தாள், மை தொட்டு எழுதும் நிப் பேனா. எனக்கு என் விருப்பம் தெளிவாகத் தெரியும்: நான்காவது பாரில் முடிக்காமல் தொடர வேண்டும், மூச்சு விட நினைக்கிற இடம் பின்னால் வேறு ஒன்று. அதன்படி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நோட்டுகளை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடது கையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பாருக்கும் எட்டு கார்டு. மணிக்கட்டு வலித்தது. அப்புறம் ஸ்லர்கள். அப்போதுதான் கவனித்தேன், ஸ்லரை எப்போதும் கடைசியில்தான் போடுகிறோம். கை களைத்திருக்கிறது, இடம் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மெலடியின் காம்புகள் எங்கே மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நீளமான ஸ்லர் என்றால் முழங்கையிலிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மை குமிழ்விடுகிறது. அந்த வீச்சு எங்கே முடிகிறது என்பது என் காது சொன்ன இடத்தில் இல்லை, தோள் அனுமதித்த இடத்தில் இருந்தது. வரி முடிகிற இடத்தில் பேனாவைத் தூக்கி, அடுத்த வரியில் எங்கே விட்டேன் என்று தேடி, முதல் நோட்டின் தலைமேல் நேராக வைத்தேன். தொடர்ச்சி என்று காட்ட வேண்டுமானால் நோட்டுக்கு முன்னாலேயே, வெற்றிடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அது தெரிந்தும், கை நோட்டைத்தான் தேடிப் போனது.

அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் எதுவும் சொல்லாமல் ஸ்டாண்டில் வைத்தேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். இரண்டாவது வரி தொடங்கும் இடத்தில், நான் ஒருபோதும் நினைக்காத இடத்தில், தெளிவாக, அழகாக மூச்சு விட்டார். "இங்க நான் பிரிக்கல மிஸ்" என்றேன். "நீதானப்பா இங்க புதுசா ஆரம்பிச்சிருக்க" என்று பேனா தொட்ட இடத்தைக் காட்டினார். அவர் சொன்னது முழுக்க முழுக்க நியாயம். எழுதியவன் நான், எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இருந்தும் தாளில் இருந்தது குழப்பம்தான். என் எரிச்சல் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. அந்தக் கோடுகளை அதற்குப் பிறகு நான் சட்டமாகப் பார்த்ததில்லை. ஒரு கையின் அசைவாகப் பார்க்கிறேன்.

முடிந்தால் தூக்க வேண்டுமா?

இதற்குள் என் கேள்வியே மாறிவிட்டிருந்தது. ஸ்லர் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். முடிந்தால் கையைத் தூக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ப்ரெலூட்கள் வெளியான அதே 1839-ல் பியானோ ஆசிரியர் கார்ல் செர்னி தன் ஓபஸ் 500 பியானோ பாடநூலை வெளியிட்டார். ஸ்லர்கள் விட்டு விட்டு வந்தாலும் அவற்றை ஒரே ஸ்லராகவே கொள்ள வேண்டும், நடுவில் இடைவெளி கேட்கக்கூடாது என்பது அவர் தரும் விதி. பிரிக்க வேண்டுமானால் கடைசி நோட்டின்மேல் இசையமைப்பாளர் புள்ளி வைத்திருப்பார் என்கிறார். இதைப் படித்தபோது நெடுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. என் புத்தகத்தில் நான்காவது பாரில் ஸ்லர் முடிந்ததே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், செர்னியின் கணக்கில் நான் கையைத் தூக்கியிருக்கக் கூடாது.

ஸ்லர் வயலினில் வில்லை மாற்றாமல் வாசிக்கும் நோட்டுகளைக் காட்டுகிற குறி; பாட்டில் ஒரே எழுத்தில் பாடுகிற நோட்டுகளைக் காட்டுகிற குறி. பியானோவில் வில்லும் இல்லை, எழுத்தும் இல்லை. அங்கே அது சேர்த்து வாசி என்பதையும் குறிக்கலாம், இது ஒரு வாக்கியம் என்பதையும் குறிக்கலாம். இந்தக் குழப்பம் பெரியவர்களையும் விடவில்லை. 1879 மே மாதம் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ அச்சுக்குத் தயாராகும்போது அவரும் வயலின் கலைஞர் யோவாகிமும் இதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பியானோக்காரர்கள் போடுகிற ஸ்லர் வயலின்காரருக்கு வில்லாகத் தெரிகிறது என்பது யோவாகிமின் சங்கடம். பல நோட்டுகள்மேல் போட்ட ஸ்லர் எந்த நோட்டின் நீளத்தையும் குறைப்பதில்லை, அது லெகாட்டோவை, அதாவது இடைவெளியில்லாமல் சேர்த்து வாசிப்பதை, குறிக்கிறது, அதைக் குழுவாகவோ வாக்கியமாகவோ மனம் போனபடியோ போடுகிறோம் என்று பிராம்ஸ் பதில் எழுதினார். இரண்டு நோட்டு ஸ்லரில் மட்டும் இரண்டாவது கட்டாயம் குறையும். பெரிய குழுக்களில் அப்படிக் குறைப்பது வாசிப்பவரின் சுதந்திரம், நுணுக்கம் என்கிறார். மனம் போனபடி! இதை எழுதியவர் தன் படைப்பின் ஒவ்வொரு குறியையும் நிறுத்துப் பார்த்துப் போட்டவர்.

ஆனால் செர்னியைப் பிடித்துக்கொண்டு எங்கும் மூச்சே விடாமல் வாசிப்பதும் சரியாகாது. மணிக்கட்டு, குரலில் இருக்கும் மூச்சு என்று ஷோபானே தன் பாடநூல் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மாணவர்களை இத்தாலியப் பாடகர்களைப் போய்க் கேட்கச் சொன்னவர். பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அவருடைய மாணவிகளின் பிரதிகளில், வகுப்பின்போது அவர் பென்சிலால் போட்ட சின்னச் சின்ன மூச்சுக் கோடுகள் இருக்கின்றன. அச்சான ஸ்லர் ஒருபுறம் ஓட, பென்சில் கோடு வேறொரு கணக்கில் மூச்சைக் குறிக்கிறது. அச்சுக்கு எழுதும்போது ஒரு மனிதர், எதிரில் ஒரு மாணவி உட்கார்ந்து வாசிக்கும்போது இன்னொரு மனிதர். இரண்டும் ஷோபான்தான். எனக்கு அந்தப் பென்சில் மனிதர்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஸ்லரோடு இது நிற்பதில்லை. சத்தம் கூடுவதையோ குறைவதையோ காட்ட, ஹேர்பின் என்று நாம் சொல்கிற அந்த மடக்குக் குறியும் இதே கதைதான். இசையமைப்பாளர் ஷூபர்ட், ஒரு நோட்டை அழுத்தச் சொல்லும் அக்ஸன்ட் குறியை மிகப் பெரிதாக எழுதுவார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் டிமினுவெண்டோவா அக்ஸன்ட்டா என்று அச்சில் மாறிவிடும். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கடைசி நோட்டு அப்படித்தான் ஒரு காலம் தேய்ந்து முடிந்தது, இன்று பலர் அதை அழுத்தி முடிக்கிறார்கள். ஷோபானிடம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. யான் எகியெர் தன் போலந்து தேசியப் பதிப்பில் அதற்கு நீள அக்ஸன்ட் என்றே பெயர் வைத்துத் தனியாக அச்சிட்டார். பிராம்ஸ் விரியும் மடக்கையும் சுருங்கும் மடக்கையும் அடுத்தடுத்துப் போட்டால் அது சத்தத்தைப் பற்றி மட்டும் இல்லை, நேரத்தையும் பற்றியது, அந்த எண்ணத்தை விட்டுப் பிரிய மனமில்லாதவர்போல் அங்கே தயங்குவார் என்று அவர் வாசித்துக் கேட்ட ஃபானி டேவிஸ் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் எந்தத் தகடு காட்டும்?

திருத்துகிற கைகள்

எனக்குக் கோபம் வருகிற ஓர் இடமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பதிப்பாசிரியர்கள் பலர் இந்த ஸ்லர்களை நீட்டினார்கள், இணைத்தார்கள், வெட்டினார்கள். எங்கே தொட்டோம் என்று சொல்லவில்லை. இசைக் கோட்பாட்டாளர் ஹூகோ ரீமான் 1880-களில் தன் ஃப்ரேஸ் கோட்பாட்டின்படி பழைய படைப்புகளுக்கு முழுக்கவே புதுக் குறிகள் போட்டார். அவர் அதை வெளிப்படையாகச் செய்தார் என்பதால் எனக்கு அவர்மேல் வருத்தம் குறைவு. 1925-ல் இன்னொரு இசைக் கோட்பாட்டாளர் ஷெங்கர் ஃப்ரேஸ் ஸ்லரே ஒழிக என்று தலைப்புப் போட்டுக் கட்டுரை எழுதியதற்கு இந்தப் பின்னணி உண்டு. இதற்கெல்லாம் முன்பே, 1877-ல், பிரைட்கோப்ஃப் நிறுவனத்தின் ஷோபான் முழுத்தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது, உடன் பதிப்பாசிரியர் ருடோர்ஃபுக்கு பிராம்ஸ் எழுதினார்: ஷோபானின் எழுத்துமுறையைத் திருத்தத் தொடங்கினால் அவருடைய இசையைத் திருத்துவதற்கு அடுத்த ஓரடிதான் என்ற பொருளில். அந்த எச்சரிக்கையை அதிகம் பேர் கேட்கவில்லை. மிஸ்ஸின் பழைய புத்தகமும் என் புத்தகமும் அந்தக் கேட்காதவர்களின் வழி வந்தவைதான்.

பதிப்பாசிரியர் முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாளில் ஒரு கோட்டை எங்காவது முடித்துத்தான் ஆக வேண்டும். எடுத்த முடிவை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்: கையெழுத்துப் படியில் இங்கே ஸ்லர் நோட்டுக்கு முன்பே நிற்கிறது, லைப்சிக் பதிப்பில் தாண்டிப் போகிறது, நாங்கள் இதைத் தேர்ந்தோம். எகியெரின் பதிப்பில் இந்தக் குறிப்புகள் இருக்கின்றன. முதல் பதிப்புகளையும் கையெழுத்துப் படிகளையும் பார் பாராகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியை இசை ஆய்வாளர் ஜான் ரிங்க்கும் அவர் குழுவினரும் இணையத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாரை எடுத்து, அதன் வெவ்வேறு வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்து, பிறகு பியானோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஒரு மாலை முழுக்கப் போய்விடும், தெரியாது.

நான் இப்போது நான்காவது பாரில் கையைத் தூக்குவதில்லை. பி ஃப்ளாட்டிலிருந்து ஏ-வுக்குள் விழுகிற அந்தச் சரிவை விட எனக்கு மனம் வரவில்லை. இடது கை நிற்காதபோது வலது கை மட்டும் நிற்பது என் காதுக்கு ஒட்டவில்லை. காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், புத்தகத்தைக் காட்டமாட்டேன். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒருநாள், வகுப்பு முடிந்து நான் படியிறங்கிக்கொண்டிருந்தபோது மேலே அவர் அதை வாசிப்பது கேட்டது. நான்காவது பார் முடிந்ததும், தன் பழைய புத்தகத்தில் ஸ்லர் நிற்காமல் ஓடுகிற அந்த இடத்தில், ஒரு நொடி மூச்சு விட்டுவிட்டு ஏ-வைத் தொட்டார். படியிலேயே நின்று கடைசி கார்டு வரை கேட்டேன். என் புத்தகத்தில் அந்த இரண்டு பாருக்கு நடுவே பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரம் போனபோது அவருடைய புத்தகத்திலும் ஒன்று இருந்தது.